ஆள் இல்லாத சங்க அலுவலகம், யாரும் பார்க்காத ஃபேஸ்புக் பக்கம்: மாவட்டத் தொழில் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழிற்பேட்டைக்குள் ஒரு மாடிக் கட்டடம். சுவரில் வரிசையாக முன்னாள் தலைவர்களின் படங்கள். உள்ளே ஒரு மேனேஜர், ஒரு உதவியாளர், பிரிண்டருக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாத ஆண்டு மலர்க் கட்டுகள். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டத் தொழில் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இப்படித்தான் ஓடுகின்றன. 1969-இல் தொடங்கி, சொந்தக் கண்காட்சி வளாகம் வரை வளர்ந்த கோயம்புத்தூர் கொடிசியா போன்றவை விதிவிலக்கு. முந்நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள், ஒன்றிரண்டு ஊழியர்கள், தன் கம்பெனியையும் பார்த்துக்கொண்டு சங்கத்தையும் பார்க்கும் செயலாளர் என்று இருக்கும் சங்கங்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

இந்தச் சங்கங்களின் செயற்குழுவில் இரண்டு புலம்பல்கள் தவறாமல் வரும். "நல்ல ஆள் நிலைக்க மாட்டேங்கிறாங்க" என்பது ஒன்று. "இளைஞர்கள் சேர்வதில்லை, நாம சோஷியல் மீடியாவில் இல்லை" என்பது இன்னொன்று. முதலாவதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதற்கு மாதச் சம்பளம்போல ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லோகோ போட்ட வாழ்த்துப் படம் வரும். ஆறு மாதம் கழித்து "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று நிறுத்துவார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கோளாறு. தன் உறுப்பினர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது சங்கத்திடம் எழுத்தில் இல்லை. மேனேஜர் தலைக்குள் இருக்கிறது. அவர் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே முதலில் பதிவேடு, அடுத்து ஆள், கடைசியில்தான் போஸ்ட். வரிசையை மாற்றினால் காசு வீண்.

படி 1: உறுப்பினர் பதிவேட்டைச் சுத்தம் செய்யுங்கள்

இதுதான் நீளமான வேலை. அவசரப்பட வேண்டாம், இரண்டு மாதம் ஆனாலும் சரி.

இப்போது உங்களிடம் மூன்று பட்டியல்கள் இருக்கும்: ரசீதுப் புத்தகத்தில் ஒன்று, மேனேஜரின் எக்செல் கோப்பில் ஒன்று, கடைசியாக அச்சடித்த டைரக்டரியில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போகாது. ரசீதை மட்டும் உண்மையாக எடுத்துக்கொண்டு புதிதாக ஒரே கோப்பு தொடங்குங்கள். கூகுள் ஷீட்டே போதும், மென்பொருள் வாங்கும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். உறுப்பினர் எண், நிறுவனப் பெயர், உரிமையாளர், நாம் பேச வேண்டியவர், அவருடைய வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. எண், உத்யம் எண் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்), என்ன செய்கிறார், சந்தா வகை, கடைசியாகக் கட்டிய ஆண்டு, கடைசியாகப் பேசிய தேதி. இவ்வளவு பத்திகள் போதும்.

"உரிமையாளர்", "பேச வேண்டியவர்" என்று இரண்டு பத்திகள் ஏன்? பல பதிவேடுகளில் இருக்கும் எண் அப்பாவுடையது. அவர் கம்பெனிக்கு வருவதை நிறுத்திச் சில வருடம் ஆகியிருக்கும். ஓட்டுவது மகனோ மகளோ மருமகனோ. அந்த ஆள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை, சர்க்குலர் அவர் கைக்குப் போவதே இல்லை. இளைஞர்கள் சேரவில்லை என்ற புலம்பலில் பாதிக்கு விடை இங்கேயே கிடைக்கும். அவர்கள் ஏற்கெனவே உங்கள் உறுப்பினர் நிறுவனங்களுக்குள்தான் இருக்கிறார்கள், எண்தான் உங்களிடம் இல்லை.

"என்ன செய்கிறார்" பத்தியிலும் கவனம் வேண்டும். "பொது இன்ஜினியரிங்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "பம்ப் ஷாஃப்ட், 20 முதல் 60 மி.மீ. விட்டம், சி.என்.சி. டர்னிங், மாதம் ஐயாயிரம் பீஸ் வரை" என்று எழுதினால் நாளை ஒரு வாங்குபவர் அலுவலகத்துக்கு போன் செய்யும்போது பதில் சொல்ல முடியும். உறுப்பினர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்று சந்தேகமா? ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் செய்யாமலே எண்ணைப் போட்டுத் தேடலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று காட்டும். நேரில் போய்க் கதவைத் தட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

கடைசியில் எல்லோரையும் மூன்றாகப் பிரியுங்கள்: சந்தா நடப்பில் உள்ளவர்கள், விட்டுப்போனவர்கள், கம்பெனியே மூடியவர்கள். மூன்றாவது கூட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கச் செயற்குழு தயங்கும். "எண்ணிக்கை குறைஞ்சிடுமே, கலெக்டர் கூட்டத்தில் எப்படிச் சொல்றது" என்பார்கள். எடுத்துவிடுங்கள். இல்லாத ஐம்பது பேருக்குத் தபால் அனுப்பிக் கலெக்டர் கூட்டத்தில் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

விவரம் வாங்கும்போதே சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும். "என் எண்ணைச் சங்கச் செய்திகளுக்குப் பயன்படுத்தலாம்", "டைரக்டரியில் வெளியிடலாம்" என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். உறுப்பினர் பட்டியலை ஸ்பான்சர் செய்யும் வங்கிக்கோ காப்பீட்டு ஏஜென்ட்டுக்கோ எக்செல்லாகத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுவது நல்லது.

படி 2: மேனேஜரின் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

புதிதாக ஆள் எடுப்பதற்கு முன் இருக்கும் ஆள் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். ஒரு வாரம் முழுக்க, அரை மணிக்கு ஒருமுறை, செய்த வேலையை ஒரு வரியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இது வேவு பார்க்க அல்ல என்பதைச் செயலாளர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏழு நாளும் "ஃபைல் ஒர்க்" என்றே எழுதியிருக்கும்.

அந்தக் குறிப்பை எடுத்து வேலைகளை மூன்று நிறத்தில் அடிக்கோடிடுங்கள். சட்டப்படி செய்தாக வேண்டியவை ஒரு நிறம்: பதிவாளருக்கு ஆண்டு விவரம், ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., தணிக்கை, மினிட்ஸ். உறுப்பினருக்காகச் செய்பவை இன்னொன்று: விசாவுக்குப் பரிந்துரைக் கடிதம், மின்வாரியப் புகார், பொருள் கொடுத்தும் வராத பாக்கி, உத்யம் திருத்தம். மூன்றாவது நிர்வாகிகளுக்காக: தலைவரின் பேனர், பொன்னாடை வாங்குவது, சிறப்பு விருந்தினருக்குக் கார், துணைத்தலைவர் மகன் திருமணத்துக்குப் பத்திரிகை விநியோகம்.

மூன்றாவது நிறம் இரண்டாவதைத் தின்றுகொண்டிருக்கும். இருபது பேர் செயற்குழு என்றால் இருபது பேரும் மேனேஜருக்கு முதலாளி. காலையில் ஒருவர் ஒன்றைச் சொல்வார், மதியம் இன்னொருவர் அதை மாற்றுவார். நல்ல ஆட்கள் ஒரு வருடத்தில் கிளம்புவதற்குச் சம்பளத்தைவிட இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். மருந்து எளிது, நடைமுறைதான் கடினம்: ஊழியருக்கு வேலை சொல்பவர் செயலாளர் ஒருவர் மட்டுமே. மற்ற நிர்வாகிகள், தலைவர் உட்பட, செயலாளர் வழியாகத்தான். இதைச் செயற்குழுவில் தீர்மானமாகவே போட்டு, அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். முதல் மாதம் இரண்டு பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல் நிறத்து வேலைகளைக் கூடுமானவரை ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதக் கட்டணத்தில் கொடுத்துவிடுங்கள். தணிக்கை செய்கிறவரே கணக்கும் எழுதக் கூடாது, அதனால் இதற்கு வேறு ஒரு ஆடிட்டர். ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பத் தெரிந்த மேனேஜரைத் தேடி அலைவதைவிட இது மலிவு.

படி 3: யாரை எடுப்பது, எப்படி நிலைக்க வைப்பது

சங்கங்கள் போடும் விளம்பரம் இப்படி இருக்கும்: "டிஜிட்டல் மார்க்கெட்டிங், டிசைன், கணக்கு, ஆங்கிலக் கடிதம் தெரிந்த, இரு சக்கர வாகனம் உள்ள இளைஞர் தேவை." இத்தனையும் தெரிந்தவர் உங்களிடம் ஏன் வருகிறார்?

முதலில் எடுக்க வேண்டியது போன் பேசத் தெரிந்த ஆளை. பதவிப் பெயர் "உறுப்பினர் தொடர்பு அலுவலர்". தினமும் பதினைந்து உறுப்பினர்களை அழைத்து, கேட்டதைப் பதிவேட்டில் எழுதி, பிரச்சினையைச் செயலாளரிடம் கொண்டுபோவதுதான் வேலை. டிசைன் வெளியே வாங்கலாம், கணக்கு வெளியே கொடுக்கலாம். உறுப்பினரின் குரலை அடையாளம் தெரிந்துவைத்திருப்பதை வெளியே வாங்க முடியாது.

இப்படிப்பட்டவர் எங்கே கிடைப்பார்? பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டு, இப்போது அரை நாள் வேலை தேடும் பெண்கள் இதற்குப் பொருத்தமானவர்கள். காலை பத்து முதல் மதியம் இரண்டு என்று வைத்தால், முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாத சங்கத்துக்கும் கட்டுப்படியாகும். வங்கியிலோ மாவட்டத் தொழில் மையத்திலோ ஓய்வு பெற்றவர்களும் நல்ல தேர்வு. அரசுக் கடிதம் எந்த மேசையில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: நிர்வாகிகளின் உறவினரை எடுக்காதீர்கள். எடுத்தால் கேள்வி கேட்க முடியாது, நிறுத்தவும் முடியாது.

சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். உங்கள் உறுப்பினர் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஐந்து பேரிடம் கேளுங்கள். அதற்குக் கீழே போனால், நீங்கள் பழக்கிவிட்ட ஆளை உங்கள் உறுப்பினரே கூட்டிக்கொண்டு போவார். இது கேலியல்ல, சங்க ஊழியர்கள் போகும் முதல் இடமே உறுப்பினர் கம்பெனிதான். எல்லாக் கம்பெனிக்கும் அறிமுகமாகியிருப்பார்களே.

பி.எஃப். 20 பேருக்கும் இ.எஸ்.ஐ. 10 பேருக்கும்தான் கட்டாயம் என்பதால் இரண்டு பேர் உள்ள அலுவலகம் கவலைப்படாமல் இருந்துவிடுகிறது. வீட்டில் "அங்கே பி.எஃப். உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஊழியர்களின் சம்மதத்தோடு தானாக முன்வந்து பி.எஃப். திட்டத்தில் சேர முடியும். இ.எஸ்.ஐ.க்குப் பதிலாகக் குடும்ப மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைச் சங்கம் கட்டலாம். மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பதைவிட இது ஆளை அதிக நாள் நிறுத்தும்.

படி 4: சாவிகளைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் கஷ்டம். கீழே உள்ளவை இப்போது யார் பெயரில், யார் கைபேசியில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள்: இணையதள டொமைன், ஹோஸ்டிங், சங்க மின்னஞ்சல், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப், கூகுள் வரைபடத்தில் உள்ள சங்கத்தின் பதிவு, வாட்ஸ்அப் எண், ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவான கைபேசி, வங்கியின் ஓ.டி.பி. போகும் எண்.

டொமைன் ஒரு முன்னாள் நிர்வாகியின் நண்பர் பெயரிலும், ஃபேஸ்புக் பக்கம் வேலையை விட்டுப் போன பையனின் சொந்தக் கணக்கிலும் இருப்பது சர்வ சாதாரணம். அவர்களோடு பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு முழுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருக்கட்டும், ஒருவர் ஊழியர், ஒருவர் நிர்வாகி. மின்னஞ்சல் ஆள் பெயரில் வேண்டாம், "செயலாளர்", "அலுவலகம்" என்று பதவிப் பெயரில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்புக்குச் சங்கத்தின் பெயரில் தனி சிம் வாங்குங்கள். அதை ஒரு பழைய போனில் போட்டு மேசையில் வைத்து மறந்துவிடக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் ரீசார்ஜும் இல்லாவிட்டால் எண் ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை உறையில் போட்டுப் பொருளாளரின் பீரோவில் வையுங்கள்.

படி 5: சந்தா எப்படி வருகிறது என்று பாருங்கள்

மார்க்கெட்டிங் பற்றிக் கேட்டால் சந்தா பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். சங்கத்தைப் பொறுத்தவரை விற்பனை என்பதே சந்தா புதுப்பித்தல்தான்.

ஆயுள் சந்தாவை முதலில் கவனியுங்கள். எப்போதோ ஒரு தொகையைக் கட்டியவருக்கு இன்றும் தபால், டைரக்டரி, கூட்டத்தில் சாப்பாடு எல்லாம் உண்டு. வந்த பணத்தை அந்தந்த வருடமே செலவு செய்திருந்தால் இன்றைய சம்பளத்துக்கு எங்கே போவது? இனி வாங்கும் ஆயுள் சந்தாவை அப்படியே வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மட்டும் செலவு செய்யுங்கள். பழைய ஆயுள் உறுப்பினர்களிடம் ஆண்டுக்கு ஒரு சிறு "சேவைப் பங்களிப்பு" கேட்கலாம். கட்டாயப்படுத்தாமல் கேட்டால் பலர் கொடுப்பார்கள்.

ஜி.எஸ்.டி.யில் தொழில், வணிக வளர்ச்சிக்கான லாப நோக்கமற்ற சங்கங்களுக்கு ஒரு சலுகை உண்டு. உறுப்பினர் ஒருவரிடம் ஆண்டுக்கு வாங்கும் சந்தா 1,000 ரூபாய்க்குள் இருந்தால் அதற்கு வரிவிலக்கு. சந்தாவை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்த்துவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சங்கம் தன் உறுப்பினருக்கே செய்யும் சேவைக்கு வரி உண்டா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 2021 நிதிச் சட்டம் அதற்கென்று ஒரு பிரிவை 2017 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டுச் சேர்த்தது. அது செல்லாது என்று 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே வரி கட்டாமல் இருந்துவிடலாம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம் வாங்க யு.பி.ஐ. கியூ.ஆர். ஒட்டினால் மட்டும் போதாது. வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கும், அனுப்பியவர் பெயராக உரிமையாளர் மனைவியின் பெயர் இருக்கும், எந்த உறுப்பினர் என்று தெரியாமல் மேனேஜர் அரை நாள் தேடுவார். ஆகவே உறுப்பினர் எண்ணோடு தனித்தனிக் கட்டண லிங்க் அனுப்புங்கள். விருப்பமுள்ளவர்களுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே வசதியும் கொடுக்கலாம். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது, பணம் பிடிப்பதற்கு முன்பே அறிவிப்பு போய்விடும். ஆண்டுச் சந்தாவுக்கு இது தாராளம்.

படி 6: எந்தச் செய்தி, எந்த வழியில்

எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கொட்டுவதுதான் இப்போதைய வழக்கம். குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் எல்லோரையும் சேர்த்துவிடுகிறோம். காலையில் இருபது "இனிய காலை வணக்கம்", நடுவில் ஒரு அரசியல் ஃபார்வர்டு, யாரோ ஒருவரின் வீட்டு மனை விளம்பரம், இதற்கு நடுவே மின் கட்டணச் சர்க்குலர். உறுப்பினர் குழுவை மியூட் செய்து நாளாகிறது.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, யாரும் பதில் போட்டு நிரப்பவும் முடியாது. பேச்சுக்குத் தொழில் வாரியாகச் சின்னக் குழுக்கள் போதும்: ஃபவுண்டரி தனி, பிளாஸ்டிக் தனி, பேக்கேஜிங் தனி. தனிப்பட்ட நினைவூட்டலுக்கு பிராட்காஸ்ட் பட்டியல் பயன்படும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகையால் முதல் போன் உரையாடலின் முடிவில் "நம்ம ஆபீஸ் நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க சார்" என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் சங்கத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொதுக்குழு அறிவிப்புக்கும் சந்தா நிலுவைக்கும் மட்டும் இரண்டு வாசகங்களைப் பதிந்து வைத்தால் போதும்.

மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை என்பது பாதி உண்மை. ஏற்றுமதி செய்பவர்களும், கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களும் படிக்கிறார்கள். ஆனால் இலவச ஜிமெயிலிலிருந்து ஒரே நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அதனால் சங்கத்தின் சொந்த டொமைனிலிருந்து அனுப்புங்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு, அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற அமைப்புகள் இல்லாத மொத்த அஞ்சல்களை ஜிமெயில் தள்ளிவிடுகிறது. இணையதளம் பார்ப்பவரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னாலே செய்துகொடுப்பார்.

இன்ஸ்டாகிராம் வேண்டுமா? நகைக்கடை, துணிக்கடை உறுப்பினர்கள் உள்ள வணிகர் சங்கம் என்றால் வேண்டும். வார்ப்படமும் வால்வும் செய்யும் தொழிற்பேட்டைச் சங்கத்துக்கு அந்த நேரத்தை லிங்க்டுஇன்னில் செலவிடலாம். இரண்டையும் விட அவசரமானது கூகுள் வரைபடத்தில் சங்கத்தின் முகவரி, நேரம், போன் எண் சரியாக இருப்பது. வெளியூரிலிருந்து வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 7: என்ன எழுதுவது

தலைவர் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் தலைவருக்கும் அமைச்சருக்கும் பிடிக்கும். உறுப்பினர் எதிர்பார்ப்பது வேறு. அரசு ஒன்றை மாற்றினால் "இது எனக்குப் பொருந்துமா, நான் என்ன செய்யணும்?" என்பதுதான் அவர் கேள்வி. வழக்கமாக நாம் பதினாறு பக்க ஆங்கில அரசிதழை பி.டி.எஃப்.ஆக அனுப்பி, மேலே "உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு" என்று போடுகிறோம். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

"உத்யம் வைத்திருப்பவர்களுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவன வரம்பு உயர்ந்துவிட்டது. இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள் இருந்தால் நீங்கள் 'குறு'. முன்பு இது 1 கோடி, 5 கோடி. உங்கள் சான்றிதழில் இன்னும் 'சிறு' என்று இருக்கிறதா? சான்றைப் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். புதன், வெள்ளி மாலை 3 முதல் 5 வரை நேரிலும் வரலாம்."

முதல் வரியில் யாருக்கு என்பது இருக்கிறது. பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கின்றன. கடைசியில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை அவரை அலுவலகத்தோடு பேச வைக்கிறது. சந்தா கட்டாதவர்களுக்கும் இதை அனுப்புங்கள், ஆனால் "பார்த்துச் சொல்கிறோம்" என்பது நடப்பு உறுப்பினருக்கு மட்டும்.

வராத பாக்கி பற்றிய செய்தி எப்போதும் படிக்கப்படும். குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியவர் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்கக் குழுக்களில் முறையிடலாம். இதை ஒரு தடவை போட்டுவிட்டு விடாதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை, ஒரு மனுவை எப்படி நிரப்புவது என்று ஐந்து நிமிட வீடியோவாகப் போடுங்கள். சங்கத்தின் கான்ஃபரன்ஸ் அறையில் கைபேசியில் எடுத்தாலே போதும். ஒலி தெளிவாக இருக்க காலர் மைக் மட்டும் வாங்குங்கள்.

வரைவு எழுத சாட்ஜிபிடி போன்ற கருவிகள் உதவும், ஆள் பற்றாக்குறைக்கு இது உண்மையான வரம். ஆனால் வரி விகிதம், தேதி, பிரிவு எண் எதையும் அது சொன்னபடி அனுப்பாதீர்கள். மூல ஆணையோடு ஒப்பிட்டு ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் போக வேண்டும். உறுப்பினர் பட்டியலை அதில் ஏற்றவே வேண்டாம்.

படி 8: டைரக்டரியை இணையத்தில் திறந்து வையுங்கள்

ஆண்டு மலருக்கும் அச்சு டைரக்டரிக்கும் விளம்பரம் பிடிக்க மூன்று மாதம் ஊழியரை ஓட விடுகிறோம். அச்சானதும் அது உறுப்பினர் மேசையில் கிடக்கும். அதே விவரத்தை உறுப்பினருக்கு ஒரு பக்கம் வீதம் இணையதளத்தில் போட்டால், "பம்ப் ஷாஃப்ட்" என்று ஊர்ப் பெயரோடு தேடும் வாங்குபவர் கூகுள் வழியே அங்கே வந்து சேர வாய்ப்புண்டு. படி 1-இல் எழுதிய அந்த ஒரு வரி இங்கேதான் காசாகிறது. நான்கு படங்கள், என்ன செய்கிறார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பத்தி, தொடர்புக்குப் படிவம். சந்தா நின்றால் பக்கமும் மறையும் என்று விதி வையுங்கள். "சந்தா கட்டி எனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்பவருக்கு, போன மாதம் அவர் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டலாம்.

படி 9: ஏஜென்சியும் விளம்பரச் செலவும்

பண்டிகை வாழ்த்துக்கு ஏஜென்சி வேண்டாம், உதவியாளரே கேன்வாவில் செய்துவிடுவார். கண்காட்சி, பயிற்சி வகுப்பு போன்ற தேதி குறித்த வேலைக்கு மட்டும், அந்த வேலைக்கான தொகையில் ஒப்பந்தம் போடுங்கள். கணக்குகள் சங்கத்தின் பெயரில், ஏஜென்சிக்கு அனுமதி மட்டும். விளம்பரச் செலவும் அவர்கள் கட்டணமும் பில்லில் தனித்தனியாக வர வேண்டும்.

உறுப்பினர் சேர்க்கைக்காக ஃபேஸ்புக்கில் பணம் கட்டி "பூஸ்ட்" செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொழிற்பேட்டையில் எத்தனை கம்பெனி என்பது உங்களுக்கே தெரியும், சேராதவர்கள் யார் என்பதும் தெரியும். அவர்களை நேரில் போய்ப் பார்க்க பெட்ரோல் காசு குறைவு. வருமான வரித் துறையில் லாப நோக்கமற்ற அமைப்புக்கான பதிவு (12ஏ) உள்ள சங்கமாக இருந்தால் கூகுளின் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். தகுதி கிடைத்தால் அலுவலக மின்னஞ்சல் இலவசம், தேடல் விளம்பரத்துக்கு மாதம் 10,000 டாலர் வரை கடனாக அல்ல, கொடையாகவே கிடைக்கும். நிபந்தனைகள் உண்டு, கவனிக்க ஒருவர் வேண்டும்.

படி 10: செயற்குழுவில் என்ன காட்டுவது, பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது

மாதாமாதம் ஒரே தாள் வையுங்கள். லைக், ஃபாலோயர் எதுவும் வேண்டாம். இந்த மாதம் எத்தனை உறுப்பினரோடு பேசினோம், எத்தனை பேர் பிரச்சினையோடு வந்தார்கள், எத்தனை தீர்ந்தது, சந்தா கட்டியவர்கள் எத்தனை, போன வருடம் இதே மாதம் எத்தனை. சந்தா கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பின்பக்கம் அச்சடித்து, ஒவ்வொரு செயற்குழு உறுப்பினருக்கும் அவர் தெருவில் உள்ள ஐந்து பெயரை ஒதுக்குங்கள். அந்த ஐந்து பேரை அடுத்த கூட்டத்துக்குள் சந்தித்தாரா என்பதுதான் கேள்வி. கூட்டத்துக்கு வருவோர் குறையலாம், வருபவர்கள் வேலை செய்வார்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்வாகலாம், ஆனால் மாற்றம் வரும் என்பது நிச்சயம். புதிய அணி வந்ததும் பழைய அணியின் ஏஜென்சியையும், சில நேரம் பழைய அணி எடுத்த ஊழியரையும் சேர்த்தே அனுப்பிவிடும். அதைத் தடுக்கத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே, யார் ஜெயிப்பார் என்று தெரியாத நேரத்தில், பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"சங்கத்தின் டொமைன், மின்னஞ்சல், சமூக வலைதளக் கணக்குகள், வாட்ஸ்அப் எண், உறுப்பினர் பதிவேடு ஆகிய அனைத்தும் சங்கத்தின் சொத்து. இவற்றின் கடவுச்சொற்களும் பொறுப்பாளர் பட்டியலும் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்ற ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் ஒப்படைக்கப்பட்டு, இரு தரப்பும் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். நிரந்தர ஊழியரின் பணி நிலையைப் புதிய நிர்வாகம் பொறுப்பேற்ற முதல் ஆறு மாதங்களுக்கு, ஒழுங்கு நடவடிக்கை தவிர வேறு காரணத்துக்காக மாற்றக் கூடாது."